ரோல் செப்பரேட்டரில் டன் ஏற்றினால் இல்மனைட் நழுவுகிறது: மேக்னட் பிரச்சினையா, ஃபீடு பிரச்சினையா?

புதுஷிப்ட்:
வணக்கம். தாது மணல் உலர் ஆலை ஒன்றில் ஷிப்ட் பொறுப்பு பார்க்கிறேன், ஊரும் கம்பெனியும் வேண்டாம். எங்களிடம் ஒரு ரேர் எர்த் ரோல் செப்பரேட்டர் (பலமான காந்த உருளை மேல் மெல்லிய பெல்ட் ஓடுகிற மெஷின்), 1 மீட்டர் அகலம், 100 மிமீ விட்டம், 200 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. டிரையரிலிருந்து பக்கெட் எலிவேட்டர், அதிலிருந்து ஹாப்பர், ஹாப்பருக்கு அடியில் வைப்ரேட்டர் தட்டு, தட்டிலிருந்து பெல்ட்டுக்கு. மணல் சராசரியாக 0.2 மிமீ. காந்தம் இழுக்கிற கறுப்புத் தாதுவான இல்மனைட்டை மேக்ஸ் (காந்தம் பிடித்தது) பக்கம் எடுத்துவிட்டு, மீதியை, அதாவது நான்-மேக்ஸை, ரூட்டைல், சிர்கான் தாதுக்களைப் பிரிக்கிற லைனுக்கு அனுப்புகிறோம்.

மணிக்கு 2 டன் ஓடியவரை பிரச்சினை இல்லை. இப்போது 4 டன் ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டினால் நான்-மேக்ஸில் இல்மனைட் கறுகறுவென்று தெரிகிறது, சிர்கான் லைன்காரர்கள் தினமும் சண்டைக்கு வருகிறார்கள். மேக்ஸையும் நான்-மேக்ஸையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் தகட்டைத் தள்ளி வைத்தால் இல்மனைட் பிடிபடுகிறது, ஆனால் கூடவே கார்னெட் என்கிற இன்னொரு தாதுவும் மேக்ஸில் வந்துவிடுகிறது. மேலே உள்ளவர்கள் "ரோல் வீக் ஆகிவிட்டது, புது மெஷின் வாங்கலாம்" என்கிறார்கள். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

காஸ்மீட்டர்:
ரோல் மேற்பரப்பில் காந்தப் புலம் எத்தனை காஸ் வருகிறது என்று அளந்தீர்களா? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம் பெல்ட் என்ன தடிமன்? நிறைய இடத்தில் ஒரிஜினல் கெவ்லார் பெல்ட் கிழிந்ததும் உள்ளூரில் கிடைக்கிற தடிமனான பெல்ட்டைப் போட்டு ஓட்டுகிறார்கள், பிறகு காந்தத்தைத் திட்டுகிறார்கள். காந்தம் நன்றாக இருந்தால் வேகத்தை ஏற்றுங்கள். பெல்ட் வேகமாக ஓடினால் மணல் மெல்லிசாகப் பரவும், டன்னும் கிடைக்கும்.

உலர்ஆலை_அண்ணாச்சி:
தம்பி, காஸ் மீட்டரை அப்புறம் எடுக்கலாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாரும்.

100 மிமீ ரோல், 200 சுற்று என்றால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 1.05 மீட்டர் வரும். அகலம் 1 மீட்டர். மணல் ஒரே ஒரு அடுக்காக, அதாவது ஒரு மணியின் உயரமான 0.2 மிமீ மட்டும் பரவினால், வினாடிக்குக் கடக்கும் கன அளவு 0.00021 கனமீட்டர். கனமான தாது மணல் தளர்வாகக் கிடக்கையில் கனமீட்டருக்கு 2.5 டன் என்று வைத்துக்கொள்ளும். வினாடிக்கு அரை கிலோ சொச்சம், மணிக்கு 1.9 டன். நீர் 2 டன் ஓட்டினபோது ஒரு மணல் மணியின் மேல் இன்னொரு மணல் மணி அநேகமாக இல்லை. 4 டன் என்கிறபோது பெல்ட்டில் இரண்டு அடுக்கு போகிறது. பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, காந்தம் பாவம்.

இரண்டு அடுக்கு போனால் என்ன நடக்கும்? மேல் அடுக்கில் இருக்கிற இல்மனைட் கீழே வரப் பார்க்கும், அடியில் ஒரு சிர்கான் மணி வழியை மறிக்கும். ரோல் திரும்புகிற இடத்தில் அந்த சிர்கான் வெளியே பாயும்போது மேலே உட்கார்ந்திருக்கிற இல்மனைட்டையும் தள்ளிக்கொண்டு போகும். இல்மனைட் மேலே, சிர்கான் கீழே சிக்கினால் சிர்கான் மேக்ஸில் வரும். இரண்டு பக்கமும் அழுக்கு. ஸ்ப்ளிட்டரை எங்கே நகர்த்தினாலும் ஒரு அழுக்கைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுவீர், அவ்வளவுதான். முறத்தில் அரிசியைக் குவித்து வைத்துக்கொண்டு எவ்வளவு புடைத்தாலும் அடியில் இருக்கிற கல் தெரியுமா?

இதுவும் சராசரிக் கணக்குதான். சராசரி இரண்டு அடுக்கு என்றால் பெல்ட்டின் நடுவில் நான்கும் ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதை யாரும் பார்ப்பதில்லை. ஃபீடர் தட்டு வலது இடமாக மட்டமாக இருக்கிறதா என்று ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தீரா? ஹாப்பரில் மணல் எந்த இடத்தில் விழுகிறது?

புதுஷிப்ட்:
லெவல் வைத்துப் பார்க்கவில்லை. ஹாப்பரில் எலிவேட்டர் சூட் ஒரு ஓரமாக விழுகிறது.

சந்தேகசாமி:
அண்ணாச்சி, எல்லா இழையிலும் ஃபீடரைத்தான் குறை சொல்கிறீர்கள். காந்தம் வீக் ஆகவே ஆகாதா?

உலர்ஆலை_அண்ணாச்சி:
ஆகும். சூடு பட்டால் ஆகும், அதற்கும் வருகிறேன். ஆனால் காந்தம் வீக் ஆனால் 2 டன்னிலும் இல்மனைட் நழுவும். அவர் 2 டன்னில் ஒழுங்காக ஓடுகிறது என்கிறார், அதை நம்பித்தான் பேசுகிறேன்.

காஸ்மீட்டர்:
அண்ணாச்சியின் அடுக்குக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பெல்ட் விஷயத்தை அப்படியே தாண்டிவிட்டீர்கள். 4 மிமீ காந்தம், 1 மிமீ இரும்பு என்று மாறி மாறி அடுக்கின ரோல் என்றால், இழுவிசை மேற்பரப்பிலிருந்து விலக விலக மிக வேகமாக விழும். எளிய கணக்குப்படி 0.2 மிமீ விலகினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அரை மில்லிமீட்டர் விலகினால் ஏறக்குறைய பாதி போய்விடும். அதாவது அரை மிமீ பெல்ட் போட்டிருந்தால், ஒரே அடுக்காக ஓடினாலும் மணி இரண்டு மூன்று அடுக்கு உயரத்தில் இருக்கிற மாதிரிதான் காந்தத்துக்குத் தெரியும். மெல்லிய பெல்ட் கால் மிமீக்கும் குறைவாக இருக்கும். புதுஷிப்ட், ஒரு வெர்னியர் எடுத்து அளந்து சொல்லுங்கள். வேகத்தை ஏற்றச் சொன்னதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உலர்ஆலை_அண்ணாச்சி:
பெல்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அளக்கட்டும்.

வேகம் மட்டும் ஆகாது. 200 சுற்றில் மணல் மணி மேல் வருகிற வெளித்தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல 2.2 மடங்கு. 300 ஆக்கினால் 5 மடங்கு. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் விசை இரண்டேகால் மடங்கு ஏறும், அடுக்கின் தடிமனோ மூன்றில் ஒரு பங்குதான் குறையும். நல்ல புது இல்மனைட் அந்த வேகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நம் கடற்கரை மணலில் இல்மனைட் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து இரும்பு கரைந்து லூக்காக்சீன் பக்கமாக மாறிப்போன மணிக்குக் காந்த ஈர்ப்பு குறைவு. முதலில் பறப்பது அதுதான். பறந்து நேராக ரூட்டைலோடு போய்ச் சேரும்.

புல்மோட்டை_கடல்:
வணக்கம் அண்ணை, நான் திருகோணமலைப் பக்கம். எங்கட கரை மணலில் கன தாதுக்கள் நிறைய, இல்மனைட், ரூட்டைல், சிர்கான் எல்லாம் உண்டு. ஒரு விஷயத்தை ஒருவரும் கேட்கவில்லை: மணலை நல்ல தண்ணியில் கழுவுகிறீர்களா? உப்பு ஒட்டின மணி டிரையரால் காய்ந்து வந்தாலும் ஹாப்பரில் கொஞ்ச நேரம் நின்றால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வைப்ரேட்டர் தட்டில் போகும்போது தனித்தனி மணியாகப் போகாது, சின்னச் சின்னக் கொத்தாகப் போகும். கொத்துக்குள் இருக்கிற சிர்கானும் இல்மனைட்டோடு சேர்ந்து ஒரே மணியாகத்தான் ரோலுக்குத் தெரியும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கினவுடன் ரெக்கவரி விழுந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டிரையரைக் கூட்டி எரித்தால் எண்ணெய்ச் செலவுதான் மிச்சம், உப்பு அப்படியே இருக்கும்.

சந்தேகசாமி:
இது நல்ல பாயின்ட். கழுவும்போது மணியை மணியோடு உரசவிட்டால், அதாவது அட்ரிஷன் செல் வைத்தால், மேலே படிந்த களிமண்ணும் போகும் இல்லையா?

புல்மோட்டை_கடல்:
போகும். அதற்குப் பிறகு வரும் எலக்ட்ரோஸ்டாடிக் மெஷினுக்கு (மின்சாரம் கடத்தும், கடத்தாத மணியைப் பிரிக்கிறது) அது இன்னும் முக்கியம், அங்கே மணியின் மேற்பரப்புதான் எல்லாம்.

ஈரடிரம்:
நான் உலர் ஆள் இல்லை, மேக்னடைட் ஆள். நிலக்கரி கழுவுகிற வாஷரியில் மீடியம் (தண்ணியில் கலக்கிற மேக்னடைட் தூள்) திரும்பப் பிடிக்கிற காந்த டிரம், அப்புறம் ஒரு இரும்புத் தாது ஆலை. ஆனாலும் படிக்கும்போது இதே கதையைத்தான் ஈரத்திலும் பார்த்தேன் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஈர டிரம்மில் காந்தம் சுமார் 1000 காஸ்தான், மேக்னடைட்டுக்கு அதுவே தாராளம். அதனாலேயே எல்லாரும் அலட்சியமாக இருப்பார்கள், "மேக்னடைட் எங்கே போகப்போகிறது, எப்படி ஊற்றினாலும் பிடித்துக்கொள்ளும்" என்று. ஊற்றுகிற இடத்தில்தான் தப்பு நடக்கும். ஃபீடு பாக்ஸுக்குள் பைப் ஒரு பக்கத்திலிருந்து வந்து விழுந்தால் ஸ்லரி, அதாவது தாது கலந்த தண்ணி, அந்தப் பக்கமே ஓடும். மறுபக்கம் மணல் படிந்து மேடு கட்டும். மேடு கட்டினதும் வழி இன்னும் குறுகும், ஓடுகிற இடத்தில் வேகம் இன்னும் கூடும். டிரம் 3 மீட்டர் அகலம் என்று வாங்கியிருப்பார்கள், வேலை செய்வது 1 மீட்டர். கழிவாகப் போகிற டெய்லிங்கை மொத்தமாகச் சாம்பிள் எடுத்தால் "கொஞ்சம் லாஸ்" என்றுதான் தெரியும். டேங்கின் அகலத்தில் மூன்று நான்கு இடத்தில் தனித்தனியாகப் பிடித்தால்தான் ஒரு ஓரத்தில் மட்டும் மேக்னடைட் வெள்ளமாகப் போவது தெரியும். ஃபீடு பாக்ஸுக்குள் ஒரு தடுப்பு, அதன் மேல் வழிந்து முழு அகலத்துக்கும் ஒரே உயரத்தில் விழுகிற மாதிரி ஒரு மட்டமான விளிம்பு, இவ்வளவுதான் மருந்து. வெல்டரும் ஒரு தகடும் போதும்.

டேங்க் வகையும் ஃபீடோடு சம்பந்தப்பட்டதுதான். டிரம் சுற்றுகிற திசையிலேயே ஸ்லரி ஓடினால் காந்தம் பிடித்தெடுக்கிற கான்சென்ட்ரேட் சுத்தமாக வரும், கொஞ்சம் பெரிய துகளையும் தாங்கும். எதிர்த் திசையில் ஓடினால் ரெக்கவரி நன்றாக இருக்கும், ஃபீடு ஏறி இறங்கினாலும் சமாளிக்கும், அதனால்தான் வாஷரியில் மீடியம் பிடிக்க அதைப் போடுவார்கள். அங்கே ஒரு டன் மேக்னடைட் போனாலும் காசு, கிரேடு பற்றி அவ்வளவு கவலை இல்லை. தாதுவை கிரேடு ஏற்ற வாங்கின டேங்க்கைக் கொண்டுபோய் மீடியம் ரெக்கவரியில் மாட்டிவிட்டு லாஸ் லாஸ் என்று கத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

கெட்டித்தன்மை பற்றி ஒரு வார்த்தை. தாது ஆலையில் எடைக்கு 25 முதல் 40 சதவீதம் திடப்பொருள் என்று ஓட்டுவார்கள். அதற்கு மேல் கெட்டியானால் மண் துகள் மேக்னடைட்டுக்குள் சிக்கிக்கொண்டு கான்சென்ட்ரேட்டில் சிலிக்கா ஏறும். ரொம்பத் தண்ணியாக்கினால் கன அளவு கூடி டேங்க்கில் தங்குகிற நேரம் குறையும், மட்டம் ஏறி வழியும். ஆபரேட்டர்கள் பம்ப் ஆம்பியரைப் பார்த்துத் தண்ணி வால்வைத் திருப்புவார்கள், டிரம்மைப் பார்த்துத் திருப்புகிறவர்கள் குறைவு.

சந்தேகசாமி:
@ஈரடிரம், முதல் டிரம்மில் பிடித்ததை மறுபடி இரண்டாவது டிரம்முக்கு ஊட்டும்போது மேக்னடைட் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே?

ஈரடிரம்:
ஆமாம். ஒருமுறை காந்தத்தில் பட்ட மேக்னடைட் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கொத்துக்குள் குவார்ட்ஸ் மாட்டிக்கொள்ளும். இடையில் மறுபடி அரைத்தாலோ, அளவு வாரியாகப் பிரிக்கிற சைக்ளோன் வைத்தாலோ கட்டாயம் காந்தத்தன்மையை நீக்குகிற டிமேக் காயில் வழியாக விட வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணியதும் கொத்தாகச் சேர்ந்து பெரிய துகள் மாதிரி நடந்துகொள்ளும், சைக்ளோன் தப்பாகப் பிரிக்கும். வெறும் டிரம்மிலிருந்து டிரம் என்றால் நடுவில் தண்ணி அடித்துக் கலக்கிவிட்டாலே ஓரளவு போதும்.

புதுஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி: எங்கள் மணலில் மேக்னடைட் கொஞ்சம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஏதும் இல்லை, நேராக ரோலுக்கே போகிறது.

உலர்ஆலை_அண்ணாச்சி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மேக்னடைட்டும் எலிவேட்டர், சூட், டிரையர் எல்லாவற்றிலிருந்தும் உரிந்து வருகிற இரும்புச் சீவலும் ரேர் எர்த் ரோலுக்கு வந்தால் விடவே விடாது. பெல்ட் விலகுகிற இடத்தில்கூட விழாமல் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து ரோலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அரைபட்டுக்கொண்டிருக்கும். பெல்ட் கிழிவது பாதி அதனால்தான். ரோலுக்கு முன்னால் ஒரு சாதாரண ஃபெரைட் காந்த டிரம் வையும், 1000 காஸ் போதும். மேக்னடைட்டும் இரும்பும் அங்கேயே போய்விடும். ரோல் மெஷின் வாங்கும்போது மூன்று லட்சம் மிச்சம், நான்கு லட்சம் மிச்சம் என்று இதை வெட்டிவிடுவார்கள், அப்புறம் பெல்ட்டாக வாங்கித் தள்ளுவார்கள்.

அப்புறம் சூடு. டிரையரிலிருந்து மணல் எவ்வளவு சூடாக வருகிறது?

புதுஷிப்ட்:
ஹாப்பரில் 110 டிகிரி இருக்கும்.

காஸ்மீட்டர்:
110ஆ?! ரோல் என்ன கிரேடு என்று கேட்டு வாங்கினார்களா? சாதாரண நியோடிமியம் கிரேடு 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாகச் சக்தி இழக்கும். எஸ்எச் கிரேடு என்றால் 150 வரை தாங்கும். சமேரியம் கோபால்ட் என்றால் இன்னும் தாராளம், ஆனால் விலை. இப்போது நான் கேட்ட காஸ் அளவு எவ்வளவு முக்கியம் என்று அண்ணாச்சியே சொல்லட்டும் 🙂

உலர்ஆலை_அண்ணாச்சி:
சரி சரி, அளக்கட்டும். மணல் மெல்லிய அடுக்காக ரோலைத் தொட்டும் தொடாமலும் போகிறதால் ரோல் முழுக்க 110 ஆகாது, ஆனால் மெஷினை நிறுத்தும்போது சூடான மணல் ரோல் மேலேயே கிடந்தால் ஆகும். நிறுத்தும்போது முதலில் ஃபீடை நிறுத்தி, பெல்ட் காலியான பிறகுதான் ரோலை நிறுத்த வேண்டும். இந்த வரிசையைக் கட்டாயமாக்குகிற இன்டர்லாக் இருக்கிறதா பாரும். நிறைய இடத்தில் ஜம்பர் வயர் போட்டு அதை வேலை செய்யாமல் வைத்திருப்பார்கள்.

இந்தச் சூட்டுப் பிரச்சினைக்கு ஆலையின் வரிசையே காரணம். எலக்ட்ரோஸ்டாடிக் மெஷினுக்குச் சூடான மணல் வேண்டும், ரோலுக்குச் சூடு ஆகாது. டிரையரை ஒட்டி எதை வைக்கிறோம் என்பதில்தான் சண்டை. கார்னெட்டையும் இல்மனைட்டையும் காந்தத்தால் மட்டும் சுத்தமாகப் பிரிக்க நினைப்பதும் வீண்வேலை, இரண்டின் காந்த ஈர்ப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், கார்னெட் கடத்தாது. அந்த இரண்டைப் பிரிக்க எலக்ட்ரோஸ்டாடிக்கை விடும், ரோலில் ஸ்ப்ளிட்டரை வைத்து விளையாட வேண்டாம்.

சந்தேகசாமி:
பெரிய ஆலைகளில் ஈரத்திலேயே இல்மனைட்டை முதலில் எடுத்துவிடுகிறார்களே. தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பே, மொசாம்பிக்கில் மோமா, இரண்டு இடத்திலும் விம்ஸ் (ஈரத்தில் ஓடுகிற பலமான காந்த செப்பரேட்டர்) வைத்துத்தான் மேக், நான்-மேக் என்று முதலில் உடைக்கிறார்கள். டிரையர் செலவும் குறையும்.

ஈரடிரம்:
விம்ஸ் வைத்தால் ஃபீடு பிரச்சினை போய்விடாது, வேறு உருவத்தில் வரும். தகடுகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் ஓடுகிற மெஷின் அது. மேக்னடைட் முன்னாலேயே எடுக்கப்படாவிட்டால் சந்துக்குள் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது. சிப்பித் துண்டு, வேர், தேங்காய் நார் எல்லாம் போய் அடைக்கும். அதனால் முன்னால் டிரம்மும் வேண்டும், நல்ல சல்லடையும் வேண்டும். சல்லடை கிழிந்ததை யாரும் கவனிக்காமல் ஒரு ஷிப்ட் ஓட்டினால் போதும், அடுத்த ஷிப்ட் முழுக்க ஸ்டீல் கம்பியும் கையுமாக உட்கார்ந்து குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புல்மோட்டை_கடல்:
தேங்காய் நார் என்றதும் நினைவு வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர் திருவிதாங்கூர் தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் தோரியம் உள்ள மோனசைட் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் மணவாளக்குறிச்சி தாது மணல் ஆலை. நாருக்கும் நம் தொழிலுக்கும் பழைய உறவு 😀

புதுஷிப்ட்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆலை ஷட்டவுனில் சில வேலை பார்த்தோம்.

அண்ணாச்சி சொன்னபடி தட்டில் லெவல் வைத்தோம், இடது பக்கம் தாழ்ந்திருந்தது. பிறகு 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு தகரப் பெட்டி செய்து உள்ளே பத்து அறையாகத் தடுத்து, தட்டிலிருந்து மணல் விழுகிற இடத்தில் பத்து வினாடி நீட்டிப் பிடித்தோம். ஒவ்வொரு அறையையும் தனியாக எடை போட்டால் நடுவிலிருந்து இடது பக்கம் நான்கு அறையில்தான் பாதிக்கு மேல் மணல். வலது கோடி அறையில் அடி மட்டும் மூடியிருந்தது. எடை போட்டதைச் சலித்தும் பார்த்தோம், வலது பக்கம் பெரிய மணிகள், இடது பக்கம் பொடி. எலிவேட்டர் சூட் ஹாப்பரின் இடது ஓரத்தில்தான் விழுகிறது, குவியல் அங்கே எழும்பி, பெரிய மணிகள் சரிவில் உருண்டு வலது பக்கம் போகின்றன.

இப்போது சூட்டை நடுவுக்குக் கொண்டுவந்து அதன் அடியில் ஒரு கல் பெட்டி வைத்திருக்கிறோம், விழுகிற மணல் அதிலேயே மோதி நான்கு பக்கமும் வழிகிறது. தட்டை மட்டமாக்கி, கேட் இடைவெளியை அகலம் முழுக்க ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தோம். 3 டன்னில் நான்-மேக்ஸ் பார்க்க நன்றாக இருக்கிறது. 4 டன்னில் இன்னும் கறுப்பு தெரிகிறது.

உலர்ஆலை_அண்ணாச்சி:
4 டன்னில் தெரியத்தான் செய்யும், கணக்கு அதைத்தானே சொல்லிற்று. 4 டன்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. முதல் ரோலில் கொஞ்சம் தாராளமாக மிடில்ஸ் (மேக்ஸுக்கும் நான்-மேக்ஸுக்கும் நடுவில் விழுவது) எடுத்து, அதை மட்டும் இரண்டாவது ரோலில் மெல்லிசாக விடுவது. இல்லாவிட்டால் இன்னொரு மெஷின். புது மெஷின் வாங்கினால் ஹாப்பரைப் பங்கு பிரிக்கும்போது சரிபாதியாகப் பிரிக்கும். ஒன்றுக்குப் பொடியும் மற்றதுக்குப் பெரிய மணியும் போனால் இரண்டுக்கும் ஒரே செட்டிங் ஒத்துவராது. கொஞ்சம் பெரியது வருகிற பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பொடி அதிகம் என்றால் ரோல் மேல் தூசு படிந்து ஒட்டும், பெல்ட்டில் உரசி மின்னூட்டம் ஏறி, காந்தமே இல்லாத நுண்ணிய சிர்கானும் மேக்ஸோடு வரும். டஸ்ட் ஹூட் இழுவை போதுமா பாரும். மோனசைட் இருக்கிற மணலென்றால் அந்தத் தூசில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு, மாஸ்க் இல்லாமல் யாரையும் ஹூட் பக்கம் நிறுத்தாதீர். ரோல் பக்கத்தில் ஸ்பானரோடு போக வேண்டாம் என்றும் புதுப் பையன்களிடம் சொல்லும், விரல் போய்விடும்.

காஸ்மீட்டர்:
பெல்ட் அளந்தீர்களா?

புதுஷிப்ட்:
0.5 மிமீ. உள்ளூர் பெல்ட். மெல்லியதற்கு ஆர்டர் போட்டாயிற்று, ஃபெரைட் டிரம்முக்கும் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம்.

காஸ்மீட்டர்:
😎

உலர்ஆலை_அண்ணாச்சி:
டிரம் வந்து மாட்டின பிறகு மெல்லிய பெல்ட்டைப் போடும். முன்னாலேயே போட்டால் இரும்புச் சீவல் அதையும் கிழித்துவிடும்.